தூரம் பாதியானால்

காசநோய் ஆஸ்பத்திரியிலிருந்து ஞானசெல்வி ஆவூருக்குத் திரும்பியபோது வீடு ஊமையாகிவிட்டிருந்தது. கணவன் பங்கிராஸ் முன்பும் மெதுவாகப் பேசுகிறவன்தான். இப்போது அறவே பேசுவதில்லை. வயலிலிருந்து வருவான், முதுகைக் காட்டிக்கொண்டு கால் கழுவுவான், தலை குனிந்தபடி சாப்பிடுவான். மற்றவர்கள் பேசுவது அவளுக்குக் கேட்டது. ஆவூரில் வேறு யார் மெதுவாகப் பேசினார்கள்? நோய்க்காரியாகிவிட்டதால் தன்னைக் கணவனுக்குப் பிடிக்கவில்லை என்று அவள் முடிவுசெய்துகொண்டாள். தண்ணீருக்கடியில் நடப்பதுபோல நாட்கள் போயின.

மாதா கோயில் பூசையில் சிறுமணி அடித்ததும் எல்லோரும் தலை குனிய, ஞானசெல்வி மட்டும் அக்கம்பக்கம் பார்த்துப் பிந்திக் குனிவதை கோயில் மருந்தகத்தை நடத்தும் கன்னியாஸ்திரி மதர் கவனித்தார். “ரெண்டு பேரும் திருச்சிக்குப் போயி காதைக் காட்டிட்டு வாங்க” என்றார்.

திருச்சியில் வெளிச்சத்தம் புகாமல் சுவரில் கம்பளி ஒட்டிய சிறிய அறை. டாக்டரம்மா அவள் காதுகளில் ஒரு கருவியை மாட்டினார். “சத்தம் கேட்டா கையைத் தூக்குங்கம்மா.”

வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு குளத்துக்கு அக்கரையில் யாரோ சீட்டியடிப்பதுபோல ஏதோ வந்தது. வந்ததா, தானாக நினைத்துக்கொண்டதா? பாதித் தூக்கத்தில் இருப்பதுபோல அவள் கை மெல்ல உயர்ந்தது.

டாக்டரம்மா ஒரு தாளில் புள்ளிகளை இணைத்துக் காட்டினார். “சத்தத்தை டெசிபல்ல அளப்போம். பூஜ்யம்னா சத்தமே இல்லைன்னு அர்த்தமில்ல. நல்ல காதுக்குக் கேக்குற கடைசிச் சத்தம் அது. அங்கேருந்து பத்து ஏறினா சத்தத்தோட பலம் பத்து மடங்கு. ஒங்களுக்கு அம்பதுலதான் ஆரம்பிக்குது.”

“அப்ப அம்பது மடங்குங்களா?” என்று பங்கிராஸ் கேட்டான்.

“இல்லங்க. பத்துப் பத்தா அஞ்சு தடவை பெருக்கணும். லட்சம் மடங்கு. காசத்துக்குப் போட்ட ஊசி உயிரைக் காப்பாத்திச்சு. காதைக் கொஞ்சம் எடுத்துக்கிச்சு.”

பங்கிராஸ் அவள் பக்கம் திரும்பினான். உதடுகள் அசைந்தன. அவளுக்குக் கேட்கவில்லை.

“கிட்ட வந்து பேசுங்க” என்றார் டாக்டரம்மா. “தூரம் பாதியானா ஆறு டெசிபல் கூடும். இன்னும் பாதியானா இன்னொரு ஆறு.”

அவன் நாற்காலியை நகர்த்தினான். மறுபடியும் நகர்த்தினான்.

“இப்பக் கேக்குதா செல்வி?”

அந்தக் குரலை அவள் மறந்தே போயிருந்தாள். தலையை ஆட்டினாள்.

பஸ் இரைச்சலில் எதுவும் பேச முடியவில்லை. இறங்கிக் கண்மாய்க் கரையில் நடக்கும்போது கேட்டாள்: “இத்தன நாளும் என்னங்க சொன்னீங்க?”

அவன் அவள் காதருகே குனிந்தான். “தெனம் வந்ததும் ‘இருமல் எப்படி இருக்கு’ன்னு கேப்பேன். நீ பதிலே சொல்ல மாட்ட. ஆஸ்பத்திரில ஒன்னத் தனியா விட்டுட்டு வந்த கோவம் தீரலன்னு நெனச்சேன்.”

“நான் ஒங்களுக்கு வேண்டாதவளாப் போயிட்டேன்னுல்ல நெனச்சேன்.”

அவன் அப்படியே நின்றுவிட்டான். கண்மாய்த் தண்ணீரில் மஞ்சள் வெயில் கிடந்தது. பிறகு அவள் தோளை ஒட்டி நடந்தபடி சொல்ல ஆரம்பித்தான். கடலை விளைந்தது, பசு கிடாரிக் கன்று போட்டது, பக்கத்து வீட்டு மரிய அந்தோணி மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தது, எல்லாம். விட்டுப்போனதை அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் குரல் ஓங்கியது.

எதிரே புல்லுக்கட்டோடு வந்த ஊர்க்காரி அழகி நின்று பார்த்தாள். “என்ன பங்கிராஸு, நடுவழியில சண்டையா?”

“இல்லக்கா,” என்றான் அவன் அதே உரத்த குரலில், “பேசிக்கிட்டு வாறோம்.”