தண்ணீர் வேண்டாத குழி

போர்வெல் வண்டி முத்தரசுவுக்கு இந்த நெற்குப்பை வேலை பிடித்துப்போனதற்கு ஒரே காரணம், தண்ணீர் வராவிட்டால் யாரும் அவரைத் திட்ட மாட்டார்கள் என்பதுதான். வருஷக்கணக்காக இந்தச் சீமையில் துளை போட்டு ஓய்ந்துபோன மனுஷர். தண்ணீர் வந்தால் சாமி புண்ணியம், வராவிட்டால் முத்தரசுவின் கைராசி. நகையை வைத்துப் போர் போட்டவன் புழுதியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். அவன் முகத்தைப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வருவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்.

நெற்குப்பையில் ஜனனி என்ற பெண் தன் குடும்பத்துப் பெரிய வீட்டை விடுதியாக்கிக்கொண்டிருந்தாள். பழைய சுவர்களில் ஏசிப் பெட்டிகளைத் தொங்கவிட அவளுக்கு மனசில்லை. அதனால் வீட்டுச் சூட்டைத் தரைக்குள் இறக்க ஏற்பாடு. பின்கட்டில் வரிசையாக ஆழத் துளை போட்டு, ஒவ்வொன்றிலும் கறுப்புக் குழாயை வளைத்து இறக்கி, சுற்றிலும் களிமண் கரைசலை ஊற்றி வாய்வரை அடைத்துவிட வேண்டும். குழாய்க்குள்ளே சுற்றும் தண்ணீர் சூட்டைக் கொண்டுபோய் மண்ணிடம் விட்டுவிட்டு வருமாம். கோயம்புத்தூர் இன்ஜினியர் ஸ்ரீநிவாசன் இதையெல்லாம் விளக்கியபோது முத்தரசு கேட்டது ஒன்றுதான்: தண்ணீர் வராவிட்டால் பரவாயில்லையா? பரவாயில்லை என்றார் அவர். அப்பாடா என்றிருந்தது.

பக்கத்துக் கீழச்சிவல்பட்டியில், வீட்டில் இருக்கும் மனைவி ஆயியிடம் இந்த விவரமெல்லாம் சொல்லவில்லை. நெற்குப்பையில் ஒரே வீட்டில் பல இடத்தில் போர் என்றதோடு சரி.

போட்ட துளைகளில் எல்லாம் வெறும் புழுதிதான் வந்தது. எட்டிப் பார்க்க ஓர் ஆள் இல்லை. முத்தரசு நிம்மதியாக டீ குடித்தார். இன்று காலை, கடைசிக்கு முந்தின துளையில், பாதி ஆழத்தில் பீறிட்டது பாருங்கள் தண்ணீர்! வண்டியின் தலைக்கு மேலே எழும்பி எல்லோரையும் நனைத்துவிட்டது.

முத்தரசுவின் கை தானாகப் போய் மெஷினை நிறுத்தியது. ஆட்கள் சூடம் கொளுத்தினார்கள். அவர் துளை போடும் ராடுகளை ஒவ்வொன்றாக மேலே எடுத்துவிட்டு, இருக்கைக்கு அடியிலிருந்த செம்பில் தண்ணீரைப் பிடித்து மூடி வைத்தார். போரில் தண்ணீர் வந்தால் முதல் செம்பு ஆயிக்கு என்பது அவர்கள் வழக்கம். அவள் அதைச் சாமி முன்னால் வைத்துவிட்டு வாசல் முருங்கைக்கு ஊற்றுவாள். அவர்கள் வீட்டில் போட்ட போர் பொய்த்துப்போய், லாரித் தண்ணீரில்தான் குடும்பம் நடக்கிறது. ஊருக்கெல்லாம் போர் போடுகிறவன் வீட்டில்!

ஸ்ரீநிவாசன் ஓடிவந்து ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டபோதுதான் உறைத்தது. இங்கே தண்ணீர் வந்தாலும் நிறுத்தக் கூடாது. இன்னும் பாதி ஆழம் பாக்கி. ராடு எடுத்த குழிக்குள் ஈரமண் சரிந்து மூடிவிட்டிருந்தது. பழக்கதோஷத்துக்குத் தண்டனையாக மறுபடி மேலேயிருந்து தோண்ட வேண்டியதாயிற்று. உச்சி வெயிலில் இடுப்பு கழன்றது.

அதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. பெண்கள் குடங்களோடு வந்தார்கள். ஜனனி கதவைத் திறந்துவிட்டு, வேண்டுமட்டும் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி முத்தரசுவிடம், மோட்டார் எப்போது மாட்டுவீர்கள் என்று கேட்டாள். அவர் நேரே ஸ்ரீநிவாசனிடம் போனார். இதை இப்படியே விட்டுவிட்டு, தன் சொந்த டீசலில் வேறு துளை போட்டுத் தருவதாகச் சொன்னார். ஸ்ரீநிவாசன் டேப்பைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி அளந்தார், பாவம். இடமில்லை. சுவருக்கு அங்குட்டு அடுத்தவர் மனை. ஒரு துளை குறைந்தாலும் அறைகள் குளிராது. ஜனனியின் முகமும் தொங்கிப்போயிற்று.

சாயங்காலம் குழாயை இறக்கினார்கள். வெறுங்குழாய் குழித் தண்ணீரில் மிதக்கும் என்பதால், அதற்குள் தண்ணீர் நிரப்பித்தான் இறக்க வேண்டும். சுத்தமான தண்ணீராக இருக்கட்டும் என்று அதை லாரியில் வாங்கி வைத்திருந்தார்கள், அந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல! அப்புறம் அடியிலிருந்து களிமண் கரைசலை ஏற்றினார் முத்தரசு. தண்ணீர் வழிந்தது, கலங்கியது, கூழாகி நின்றுவிட்டது.

"கண்ணு முன்னால வந்த தண்ணிய மண்ணப் போட்டு மூடுறீகளே," என்றாள் அந்தக் குடக்காரி. "நீங்க எந்த ஊருண்ணே?"

பக்கத்து ஊர்தான். முத்தரசு கரைசல் ஏற்றிய குழாயைச் சுருட்டத் தொடங்கினார்.

வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியை ஓரங்கட்டினார். செம்போடு போனால் ஆயி சந்தோஷப்படுவாள். அந்த வீட்டு ஜனங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று துருவித் துருவிக் கேட்பாள். அதைத் தாங்க இன்றைக்கு அவருக்குத் தெம்பில்லை. சாலையோரக் கருவேல மரத்தடியில் செம்பைக் கவிழ்த்தார். மண் உடனே குடித்துவிட்டது.

ஆயி வாசலிலேயே செம்பை வாங்கிக்கொண்டாள். கனத்தை வைத்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"வரலையா?"

"வரல."

"விடுங்க. அதுக்கு ஏன் இப்படி இடிஞ்சுபோய் நிக்கிறீக? நாளைக்குக் கடைசியா இன்னொரு எடம் இருக்குன்னு சொன்னீகல்ல, அதுல வரும். நான் பிள்ளையாருக்கு வேண்டிக்கிறேன்."

முத்தரசு செருப்பைக் கழற்றாமலே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"வேணாம் ஆயி," என்றார். "நாளைக்கு மட்டும் எதுவும் வேண்டிக்காத."