வளைவில் நிற்க ஓர் ஆள்

"பேக்கரிக்காரரே, ஞாயித்துக்கிழமை வர்றீங்கதானே?"

"வீட்டுல பேத்தி வந்திருக்காய்யா. போன வாரமே சொன்னேனே."

"போன வாரம் முதுகுவலின்னீங்க."

"அதுவுந்தான் இருக்கு."

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் போனை வைத்தார். பல் டாக்டர் வெளியூருக்கே போய்விட்டார். கத்திக் கத்தியே 'சைரன்' என்று பெயர் வாங்கியவர் இப்போது போனையே எடுப்பதில்லை. குட்டிக் கார் பந்தயச் சங்கத்தில் மிச்சம் கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர்தான்.

மாடி அறையை அடைத்துக்கொண்டு கிடந்தது மரத்தாலான பாதை. அதில் வளைந்து வளைந்து ஓடும் நான்கு பள்ளக் கோடுகள். கோட்டுக்கு ஒரு நிறம், ஒரு கார்; ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. கையிலிருக்கும் விசையை அழுத்தினால் மின்சாரம் பாய்ந்து கார் பறக்கும். வளைவில் பேராசைப்பட்டால் தெறித்து விழும். விழுந்ததை எடுத்து வைக்க வளைவில் ஓர் ஆள் நிற்க வேண்டும். அதனால் தனியாளுக்குப் பந்தயம் இல்லை.

"மேல சத்தம் கேட்டாத்தான் சங்கம் இருக்குன்னு அர்த்தம். இந்த ஞாயிறும் கேக்கலைன்னா ரூமைத் தையல் வகுப்புக்குக் குடுத்துருவேன்" என்று கீழே குடியிருக்கும் வீட்டுக்காரம்மா சொல்லியிருந்தார்.

ஞாயிறு மத்தியானம் கடைக்காரர் நான்கு விசைகளும் தானாக அழுந்தி நிற்கும்படி ரப்பர் பேண்டைச் சுற்றினார். அளவான வேகம். நான்கு கார்களும் சாதுவாகச் சுற்றி வந்தன. முன்பெல்லாம் ஜன்னலோரம் டாக்டர் நிற்பார், கதவோரம் சைரன் நின்றுகொண்டு, "என் வண்டி! முதல்ல என் வண்டி!" என்று குதிப்பார். காலியாகக் கிடந்த அந்த இரண்டு இடங்களையும் மாறி மாறிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

கதவு திறந்தது. வீட்டுக்காரம்மா மூச்சு வாங்க நின்றார்.

"மத்தவங்க எங்கே?"

"இப்பத்தாம்மா... டீ குடிக்க..."

"புளுகாதே தம்பி. அப்போலேருந்து கேட்டுக்கிட்டு இருக்கேன், ஒரு வண்டி விழலை. ஒருத்தன் ஐயோன்னு கத்தலை. 'நீதான் இடிச்சே'ன்னு சண்டை இல்லை. இது பந்தயமா? மிக்சி ஓடுற மாதிரி இருக்கு."

கடைக்காரர் ஒவ்வொரு ரப்பர் பேண்டாகக் கழற்றினார். கார்கள் ஆங்காங்கே நின்றன.

"அந்தச் சைரனால எத்தனை நாள் என் தூக்கம் போச்சு! இப்ப ஊரே அமைதியா இருக்கு, படுத்தா கண்ணு மூட மாட்டேங்குது."

"அப்போ ரூமு..."

"நீ ஏமாத்துறேன்னு தெரிஞ்சதுமே தையல்காரம்மாவுக்குப் போன் பண்ணிட்டேன். நாளைக்கு மிஷினோட வர்றாங்க. குடுத்த வாக்கை மாத்த மாட்டேன்."

கடைக்காரர் பாதையின் விளிம்பைத் தடவினார்.

"ஒரே ஒரு தடவை, விழுற வேகத்துல ஓட்டணும்மா. எடுத்து வைக்க ஆளில்லைன்னு எத்தனையோ மாசமா பயந்து பயந்தே ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

வீட்டுக்காரம்மா கார்களைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

"எங்கே நிக்கணும்?"

ஜன்னலோர வளைவைக் காட்டினார். அந்த அம்மாள் போய் நின்றதும் விசையை முழுதாக அழுத்தினார். சிவப்புக் கார் பறந்து சுவரில் மோதி அந்த அம்மாளின் காலடியில் விழுந்தது.

"அடப்பாவி! கண்ணாடி விக்கிற உனக்கே கண்ணு தெரியலையா?"

"திட்டுறதை அப்புறம் வச்சுக்கங்க, வண்டியை வைங்க! சீக்கிரம்!"

"எந்தக் கோடு?"

"சிவப்பு! சிவப்பு!"

கத்திப் பழக்கம் விட்டுப்போய் அவர் தொண்டை கரகரத்தது. வீட்டுக்காரம்மா பதற்றத்தில் மஞ்சள் கோட்டில் வைத்துவிட்டார். கடைக்காரர் தாவிப் போய் மஞ்சள் விசையைப் பிடித்தார்.

"ஏன்ப்பா ஊர்ந்து போற? அழுத்து!" என்றார் அந்த அம்மாள், இரண்டு கைகளையும் நீட்டியபடி.