பாச்சா உருண்டை

என் தங்கை ரஷீதாவின் சுத்தம் எனக்கு எப்போதுமே எரிச்சல். தாராவியில் கையை நீட்டினால் சுவர் இடிக்கிற ஓர் அறையில் குடியிருந்துகொண்டு, அதை ஆஸ்பத்திரி மாதிரி வைத்திருந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? செருப்பை வெளியே விடு, காலைக் கழுவு, அந்தத் துணியில் கை துடைக்காதே. நான் தோல் பர்ஸ் தைக்கும் கார்கானா வைத்திருப்பவன். பசை நாற்றமும் தோல் நாற்றமும் என்னோடு கூடவே வரும். அவள் வீட்டு வாசலில் நின்றபடியே டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான் அவள் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியது. மாப்பிள்ளை ஷாகிர் ஐரோலியில் கம்பெனி வண்டி ஓட்டுகிறவன். நல்ல மனுஷன், அதிகம் பேசமாட்டான். அவனுடைய பழைய லுங்கிகளையும் தன் பருத்திச் சேலைகளையும் வெட்டி, ஓரம் தைத்து, வெந்நீரில் துவைத்து, ஒரு டிரங்குப் பெட்டி நிறைய பிள்ளைத்துணி சேர்த்தாள் ரஷீதா. கரப்பான் அண்டாமல் இருக்க மடிப்புக்கு மடிப்பு பாச்சா உருண்டை போட்டுப் பரணில் ஏற்றினாள்.

"ஏட்டி, இவ்வளவு ஏற்பாடும் பிள்ளைக்கா, பூச்சிக்கா?" என்று கேலி செய்தேன்.

"நீங்க வாசலோட நில்லுங்க காக்கா" என்று அண்ணனான என்னையே விரட்டினாள். அன்று அவள் முகம் முழுக்கச் சிரிப்பு.

பிள்ளை பிறந்தான். ஆண் பிள்ளை, நல்ல உரத்த குரல். வீட்டுக்கு வந்ததும் தேங்காயெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, மறுபடியும் எண்ணெய் தடவி, பெட்டித் துணியில் சுற்றிப் படுக்க வைத்தார்கள். அறை முழுக்க அந்தத் துணியின் வாசனை. எங்களுக்கு அது சுத்தத்தின் வாசனை.

இரண்டு நாளில் பிள்ளையின் கண் மஞ்சளித்தது. வெயில் காட்டினால் போய்விடும் என்றாள் ஷாகிரின் உம்மா. எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதானே என்று நாங்களும் இருந்தோம். பால் குடிப்பதை நிறுத்தியபிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நீல விளக்கின் கீழே போட்டார்கள். உடம்புக்குள்ளேயே ரத்தம் உடைகிறது என்றார்கள். என்ன மருந்து கொடுத்தீர்கள், என்ன பூசினீர்கள் என்று ஒரு இளம் டாக்டர் இந்தியில் துருவித் துருவிக் கேட்டார். வீட்டில் நாப்தலீன் உண்டா என்றும் கேட்டார். ரஷீதா இல்லை என்று தலையாட்டினாள். அது ஏதோ மருந்தின் பெயர் என்று நாங்கள் நினைத்தோம்.

ஆஸ்பத்திரித் துணி அவளுக்கு ஆகவில்லை. "நம்ம துணி கொண்டாங்க" என்று ஷாகிரை விரட்டிக்கொண்டே இருந்தாள். காலையிலும் சாயங்காலமும் அவன் வீட்டுக்கு ஓடிப் பெட்டியைத் திறந்து புதுத்துணி எடுத்து வந்தான். பிள்ளை அதன்மேல் படுத்திருந்தான். ரத்தம் மாற்றினார்கள், மறுபடியும் உடைந்தது. ஏழாம் நாள் முடி இறக்கிப் பெயர் வைப்பதாக இருந்தோம். அதற்கு முன்னாலேயே கபர்ஸ்தானில் ஒரு கை அகலக் குழியில் வைத்துவிட்டு வந்தோம்.

பிறகு டாக்டர்கள் சொன்னார்கள்: பிள்ளையின் ரத்தத்தில் ஒரு சத்து பிறவியிலேயே குறைவு. தாய் வழியாக ஆண் பிள்ளைக்கு இறங்குவது. தாய்க்கு ஒன்றும் செய்யாது.

ஷாகிரின் உம்மாவுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. "ஒங்க ரத்தத்துலயே கோளாறு இருந்திருக்கு. எங்களுக்கு மறைச்சுட்டிய" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னாள். வேறு பெண் பார்ப்பதாகக் காதில் விழுந்தது. ரஷீதாவை நான் என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். ஷாகிர் மட்டும் வேலை முடிந்து தினமும் வந்து, அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவான்.

கூடப்பிறந்த ஆண்களும் சோதித்துக்கொள்வது நல்லது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். வேண்டா வெறுப்பாகத்தான் போனேன். அதே குறை எனக்கும் இருந்தது. கேட்டதும் எனக்கு வந்தது பயமில்லை, சந்தோஷம். இதே ரத்தத்தோடு நான் எருமை மாதிரி நடமாடுகிறேனே! இந்த ரத்தம் ஆளைக் கொல்லாது என்பதற்கு நானே சாட்சி. அந்தப் பொம்பளையின் வாயை அடைத்து, தங்கையைத் தலை நிமிர்த்தி அவள் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாம்.

"அப்ப எங்க புள்ள ஏன் டாக்டர் போச்சு?" என்று இந்தியில் கேட்டேன்.

அங்கிருந்த வயதான மராட்டி டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இந்தக் குறை தானாக ஒன்றும் செய்யாமல் ஆயுசு முழுக்கச் சும்மா கிடக்கலாம். வெளியிலிருந்து ஏதாவது வந்து சீண்டவேண்டும். சில மாத்திரைகள் சீண்டும். பச்சைப்பிள்ளை என்றால் துணியில் போடுகிற டாம்பர் கோலியே போதும். எண்ணெய் தடவின தோலில் இன்னும் வேகமாக இறங்கும். குறை இல்லாத பிள்ளைக்கு இவ்வளவு ஆகாது.

டாம்பர் கோலி. தாராவியில் தெருவுக்குத் தெரு அந்தப் பெயரில்தான் அது விற்கிறது. வீட்டுக்குள் வந்ததும் நாங்கள் அதைப் பாச்சா உருண்டை என்போம். மூன்றாவதாக அதற்கு நாப்தலீன் என்றும் ஒரு பெயர் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நான் பிறந்தபோது எங்கள் வீட்டில் பெட்டியும் இல்லை, பெட்டியில் வைக்கத் துணியும் இல்லை. கொடியில் கிடந்த உம்மாவின் கந்தல் சேலையில் கிடந்து பிழைத்திருக்கிறேன்.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தேன். முடியாது. நாளைக்கு இன்னொரு பிள்ளை பிறந்தால் அதற்கும் அதே பெட்டிதானே திறக்கும்? என் மனைவி அஃப்ஷாவைப் பிள்ளைகளோடு திலக் நகரில் அவள் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தங்கையின் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இந்த ரத்தமும் அந்த உருண்டையும் ஒன்று சேர்ந்ததுதான் காரணம், ஒன்று மட்டும் இருந்திருந்தால் பிள்ளை இருந்திருப்பான், இதில் யார் பேரிலும் தப்பில்லை என்றேன். தப்பில்லை என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அவள் அழவில்லை. இரண்டு கையையும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள்.

"அவ்வொளுக்குத் தெரியுமா காக்கா?" என்று ஷாகிரைக் குறித்துக் கேட்டாள்.

"இனிமேதான் சொல்லணும். இன்னைக்கு அவங்க உம்மாவோட வாராராம். நானே சொல்லுதேன். நானும் இதே ரத்தந்தானு சொல்லி, அந்த அம்மா வாய அடைக்கேன்."

"சொல்லாதீய."

"என்னட்டி பேசுத? ஒன்ன வேண்டாம்னு சொல்லத்தான் அவங்க வாராங்க."

"சொல்லட்டும். ரத்தம்னே இருந்துட்டுப் போட்டும் காக்கா. துணியக் கொண்டாங்க, கொண்டாங்கன்னு நான் வெரட்டுனேன். ரெண்டு வேளையும் கொண்டாந்தது அவ்வொதானே? பெட்டியத் தொறந்து, அவ்வொ கையால எடுத்து, அவ்வொ கையால புள்ளைக்கு விரிச்சாவ. இது அவ்வொ காதுல விழுந்தா தாங்கமாட்டாவ. என்னோட போட்டும்."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கத்தினேன். உன் வாழ்க்கை போகுதே என்று கெஞ்சினேன். அவள் என் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கினாள்.

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து அவர்கள் வந்தார்கள். ஷாகிரின் உம்மா உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டாள். வம்சம் தழைக்க வேண்டாமா, அடுத்ததும் இதே ரத்தத்தில்தானே பிறக்கும் என்றாள்.

"அடுத்தது பொறக்குமா பொறக்காதானு பொறவு பாப்போம் உம்மா. ரஷீதா, நீ கிளம்பு, நம்ம வீட்டுக்குப் போவோம்" என்றான் ஷாகிர். அவன் அத்தனை வார்த்தை ஒரேயடியாகப் பேசி நான் கேட்டதில்லை.

ரஷீதா எழுந்திருக்கவில்லை.

"மாமி சொல்லுதது சரிதான்" என்றாள். "எங்க ரத்தந்தான். நான் வரல. நீங்க வேற பாத்துக்கோங்க."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். ஷாகிர் அவளையே பார்த்தான். அவள் தலையைத் தூக்கவே இல்லை. அவன் உம்மா முன்னால் இறங்கிப் போய்விட்டாள். வாசலில் செருப்பை மாட்டியவன், கலங்கிய கண்ணோடு என் தோளைத் தொட்டான்.

"ரத்தத்துல உள்ளதுன்னா ஒங்களுக்கும் இருக்கும்லா மச்சான்? நீங்க பத்திரமா இருங்க. இப்ப ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல மாப்ள" என்றேன். "நல்லாத்தான் இருக்கேன்."