செல்மரின் நாற்காலிக்கு ஆயுள் வாரண்டி

ஆர்டிஸ் க்வாமின் வலது தோளுக்குத் திங்கட்கிழமை அறுவை சிகிச்சை என்று முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகு ஆறு வாரம் கட்டில் பக்கமே போகக் கூடாது, சாய்வு நாற்காலியில் பாதி உட்கார்ந்த நிலையில்தான் தூங்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது அவள் கவலைப்படவில்லை. வீட்டில்தான் செல்மரின் ரிக்ளைனர் இருக்கிறதே. செல்மர் அவள் கணவர். போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. நாற்காலி மட்டும் அவர் உடம்பு பதித்த பள்ளத்தோடு ஜன்னலோரம் அப்படியே இருந்தது.

ஒத்திகை பார்க்கலாம் என்று அதில் ஏறிக் கைப்பிடியை இழுத்தாள். ஒரு பக்கம் எழும்பியது, மறு பக்கம் எழும்பவில்லை. உள்ளே எதுவோ 'டொக்' என்றது. கால்பலகை கோணிக்கொண்டு நிற்க, கவிழப்போகும் படகில் இருப்பவளைப் போல ஆர்டிஸ் ஒருக்களித்துக் கிடந்தாள். எழுந்திருக்க முடியாமல், எதிர்வீட்டுக் கொழுந்தன் லைலைப் போன் பண்ணி வரவழைக்க வேண்டியதாயிற்று.

"அண்ணி, இது போயிடுச்சு. புதுசு வாங்கு" என்றான் லைல், அவளைத் தூக்கி நிறுத்திக்கொண்டே. அறுபத்தெட்டு வயதிலும் அவன் அண்ணனைப் பற்றியும் அண்ணன் பொருட்களைப் பற்றியும் நல்ல வார்த்தை சொல்லிப் பழகவில்லை.

மறுநாள் லைலின் டிரக்கில் பக்கத்து டவுன் கடைக்குப் போனார்கள். நாற்காலிகள் வரிசை வரிசையாக நின்றன. ஒன்று தலையைப் பிடித்து முன்னால் தள்ளியது. இன்னொன்று அவளை விழுங்கப் பார்த்தது. எழுந்திருக்க விற்பனையாளர் கை கொடுத்தார். மூன்றாவதில் ஒரு பொத்தானை அழுத்தினால் கால் மேலே போனது, இன்னொன்றை அழுத்தினால் இடுப்பை யாரோ பிசைந்தார்கள்.

"இதுல கோப்பை வைக்கக் குழி இருக்கு, போன் சார்ஜ் பண்ணலாம்" என்றார் விற்பனையாளர்.

"தூங்கலாமா?" என்று கேட்டாள் ஆர்டிஸ்.

"அது அவங்கவங்க பழக்கத்தைப் பொறுத்தது."

லைல் ஒரு தோல் நாற்காலியின் அடியில் குனிந்து தட்டிப் பார்த்தான். "உள்ள மரமா இது? பலகைத் தூளை ஒட்டி வச்சிருக்கான். எங்க அண்ணன் நாற்காலியோட உள்கூட்டைப் பாத்தா நீங்க அழுதுடுவீங்க. முழு ஓக் மரம்." சொன்ன பிறகுதான் அண்ணனைப் புகழ்ந்துவிட்டோம் என்று தெரிந்து வாயை மூடிக்கொண்டான்.

விற்பனையாளர் அண்ணன் பேரைக் கேட்டுக் கணினியில் தேடினார். செல்மர் க்வாம் அதே கடையில் வாங்கிய நாற்காலிதான் அது. "அம்மா, இந்த மாடலோட இரும்பு பாகத்துக்கு ஆயுள் வாரண்டி உண்டு. காசு வாங்காம வீட்டுக்கே வந்து சரி பண்ணிக் கொடுப்பாங்க, மெக்கானிக் வியாழக்கிழமை உங்க பக்கம் வர்றாரு. ஆனா அது வாங்கினவருக்கு மட்டும்தான், இல்லன்னா அவரோட..."

பின்னால் ஒரு தம்பதி காத்திருந்தார்கள். ஆர்டிஸுக்குக் கூச்சமாகிவிட்டது. இந்த ஊர்ப்பக்கம், வரிசையில் ஒருவர் நிற்கும்போது இரண்டாவது கேள்வி கேட்பது கிட்டத்தட்ட சண்டைக்குப் போவதற்குச் சமம். "போதும் போதும், உங்களுக்கு எவ்வளவோ வேலை இருக்கும். ரொம்ப நன்றி" என்று சொல்லி வெளியே வந்துவிட்டாள்.

லைல் டிரக்கைக் கிளப்பினான். பனி மூடிய வயல்கள் ஒரு பக்கமாக ஓடின.

"வாங்கினவரு உயிரோட இருக்கணும், அவ்வளவுதானே?"

"அவரு இல்லையே, லைல்."

"நான் இருக்கேன். அதே மூக்கு. அதே காது. வர்ற மெக்கானிக்குக்கு என்ன தெரியப் போகுது? அவன் வேற மாவட்டத்துக்காரன்."

"சர்ச்சுல உக்காந்து சாமி கும்பிடறவங்க நாம."

"ஞாயித்துக்கிழமை கும்பிட்டுக்கலாம். அவன் வர்றது வியாழக்கிழமை."

ஆர்டிஸ் சம்மதிக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தோள் வலித்தது, திங்கட்கிழமை அருகில் இருந்தது. லைலே போன் பண்ணி மெக்கானிக்கை வரச் சொல்லிவிட்டான்.

வியாழக்கிழமை காலை, வேனில் கருவிப்பெட்டியோடு வந்து இறங்கினார் மெக்கானிக் டுவேன் ப்ராக்னோ. ஐம்பது வயதிருக்கும். பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். லைல் அண்ணனின் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு சோபாவில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தான். சட்டைக் கை மட்டும் விரல் நுனி வரை தொங்கியது.

"நான்தான் செல்மர் க்வாம்" என்று கை நீட்டினான்.

டுவேன் அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு, "அப்படியா. சந்தோஷம்" என்றார்.

காபி வேண்டுமா என்று ஆர்டிஸ் கேட்டாள். வேண்டாம் என்றார். ஏற்கெனவே போட்டாயிற்று என்றாள். உங்களுக்கு எதற்கு சிரமம் என்றார். வீணாகத்தான் போகும் என்றாள். அப்படியானால் அரைக் கோப்பை என்றார். முழுக் கோப்பையும் இரண்டு துண்டு எலுமிச்சைக் கேக்கும் வந்தன. முறைப்படி எல்லாம் நடந்தது.

டுவேன் நாற்காலியைக் கவிழ்த்து டார்ச் அடித்துப் பார்த்தார். "இணைப்புக் கம்பி ஒண்ணு வளைஞ்சிருக்கு. மாத்து பாகம் வேன்லயே இருக்கு."

ஆர்டிஸ் மூச்சு விட்டாள்.

"சில கேள்வி கேக்கணும், சார். கம்பெனி வழக்கம். பகல்ல எவ்வளவு நேரம் உக்காருவீங்க?"

"நானா? எந்நேரமும் அதுலதான்" என்றான் லைல். "வேலைன்னு ஒண்ணு இருந்தா நான் அதுல இருந்து எழுந்திருக்கவே மாட்டேன். பொண்டாட்டி பனி தள்ளுவா, நான் ஜன்னல் வழியா எப்படித் தள்ளணும்னு சொல்லிக் குடுப்பேன்."

"லைல்..." என்று ஆரம்பித்த ஆர்டிஸ் இருமினாள். "லைலுக்கு ஒரு போன் பண்ணணும், மறந்துட்டேன்."

"அந்தத் தம்பிய நான் ஒரு நாளும் மதிச்சதில்ல" என்றான் லைல் டுவேனிடம். அண்ணன் வேஷத்தில் அவனுக்கு வேகம் ஏறிக்கொண்டிருந்தது. "தங்கமான பையன். படகு அவன்கிட்ட இரவல் வாங்குவேன், பெட்ரோல் போடாம திருப்பிக் குடுப்பேன்."

"அப்படியா" என்றார் டுவேன். "கடைசிக் கேள்வி. கால்பலகை நீட்டியிருக்கும்போது அது மேல யாராவது உக்கார்ந்தது உண்டா?"

"உண்டாவா!" லைல் தொடையைத் தட்டினான். பதினைந்து வருஷக் கோபம் அது. "குளிர்காலம் பூரா அது மேல உக்காந்துதான் மீன் பிடிக்கப் போற பூட்ஸ் மாட்டுவேன். 'அது கால் வைக்கற இடம்டா, உக்கார்ற இடம் இல்ல'ன்னு தம்பி தலையால அடிச்சுக்குவான். கேட்டேனா? இருநூத்தி நாப்பது பவுண்டு உடம்பைத் தூக்கி..."

டுவேனின் பேனா நின்றுவிட்டது. லைலின் வாயும் நின்றது.

"கால்பலகை மேல உக்கார்றது தவறான உபயோகம், சார்" என்றார் டுவேன், வருத்தத்தோடு. "வாங்கினவரே அப்படிப் பண்ணியிருந்தா வாரண்டி செல்லாது."

டுவேன் நாற்காலியை நிமிர்த்தி வைத்தார். முழங்கால்களை உள்ளங்கையால் தட்டிக்கொண்டு, "சரி, அப்போ..." என்றார்.

கிளம்புகிறேன் என்று அதற்கு அர்த்தம். கிளம்பிவிடுவார் என்று அர்த்தமில்லை. மின்னசோட்டாவில் விருந்தாளி ஒருவர் வீட்டை விட்டுப் போவது ஒரு வாக்கியத்தில் முடிகிற காரியமல்ல. சமையலறையில் நின்று குளிரைப் பற்றிப் பேசினார்கள். வாசலில் பூட்ஸ் மாட்டியபடி ஏரியில் பனிக்கட்டியின் கனத்தைப் பற்றிப் பேசினார்கள். படியில் நின்று, யாரோ ஒருவரின் மருமகளுடைய மாமா மகன் வாங்கிய டிராக்டரைப் பற்றிப் பேசினார்கள். பேச வேண்டிய விஷயம் எதுவோ, அது மட்டும் கடைசியில், வேன் ஜன்னலருகே, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் வரும். எல்லாருக்கும் இது தெரியும். அதனால் ஆர்டிஸ் கோட்டைப் போர்த்திக்கொண்டு வேன் வரை போனாள். லைல் போகவில்லை, அவன் முகம் கொடுக்க முடியாமல் உள்ளேயே உட்கார்ந்துவிட்டான்.

டுவேன் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். எஞ்சின் உறுமியது.

"எனக்குத் திங்கட்கிழமை தோள்ல ஆபரேஷன்" என்றாள் ஆர்டிஸ். "ஆறு வாரம் அந்த நாற்காலியிலதான் தூங்கணும்."

"கஷ்டம்தான்."

"அப்புறம், உள்ள இருக்கறது செல்மர் இல்ல."

"தெரியும்மா."

"தெரியுமா?"

"செல்மர் அடக்கத்துக்கு நான் வந்திருந்தேன். எங்கப்பாவும் அவரும் உறைஞ்ச ஏரி மேல ஒரே குடிசை போட்டு மீன் பிடிச்சவங்க. சர்ச் கீழ்த்தளத்துல ரெண்டு ஹாம் சாண்ட்விச் சாப்பிட்டேன். எனக்குக் காபி ஊத்தினதே உள்ள இருக்கற இவருதான்."

"பின்ன ஏன் சொல்லல?"

டுவேனுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை போலிருந்தது. "ஒரு மனுஷன் தன் வீட்ல உக்காந்துகிட்டு இதுதான் என் பேருன்னு சொல்றாரு. நான் எப்படிம்மா இல்லங்கறது?"

"அது அவன் வீடும் இல்ல."

"அதையும் நான் எப்படிச் சொல்றது?"

ஆர்டிஸ் குனிந்து பனியைப் பார்த்தாள். குளிரில் மூக்கு சிவந்திருந்தது. "பொய் சொன்னதுக்கு மன்னிச்சுக்கோங்க. வாங்கினவருக்கு மட்டும்தான்னாங்க, அதான்."

"வாங்கினவருக்கு, இல்லன்னா அவரோட வீட்டுக்காரம்மாவுக்கு" என்றார் டுவேன். "அதே வீட்ல இருந்தா போதும். கடையில சொல்லலையா?"

"சொல்ல வந்தாரு. பின்னாடி ஆளுங்க நின்னாங்க."

"ஓ" என்றார் டுவேன், முழுமையாகப் புரிந்துகொண்டவராக.

எஞ்சினை அணைத்தார். இதுவரை இந்த ஊரில் யாரும் அந்தக் கட்டத்தில் எஞ்சினை அணைத்ததில்லை. ஆர்டிஸ் இரண்டடி பின்வாங்கினாள். அவர் மடியில் இருந்த, கேள்வித்தாள் செருகிய அட்டையை எடுத்துக்கொண்டார்.

"கால்பலகை விஷயம் சொன்னது வாங்கினவரும் இல்ல, அவர் வீட்டுக்காரம்மாவும் இல்ல. மூணாம் மனுஷர் பேச்சை நான் எழுதிக்க முடியாது. அதனால உங்களைக் கேக்கறேன். உங்களைக் கேக்காம விட்டது என் தப்புதான். உங்க வீட்டுக்காரர் கால்பலகை மேல உக்காந்து நீங்க பாத்திருக்கீங்களா?"

ஆர்டிஸ் கண்ணை மூடினாள். செல்மர் உட்கார்ந்திருந்தார். தினமும், விடியும் முன், முனகிக்கொண்டு, பூட்ஸோடு மல்லுக்கட்டிக்கொண்டு. 'இது ஒரு நாள் ஒடியப் போகுது' என்று அவள் சொன்னதும் உண்டு. சமையலறையிலிருந்து சொன்னாள். முட்டை பொரித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி சொன்னாள்.

"காலையில அந்த நேரத்துல நான் அடுப்பைப் பாத்துக்கிட்டு இருப்பேன்" என்றாள் மெதுவாக. "அவருக்கு முட்டை கருகினா பிடிக்காது."

"பார்க்கவில்லை" என்று டுவேன் எழுதிக்கொண்டார். எழுதும்போது அவர் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பிறகு வேனின் பின்கதவைத் திறந்து புதிய கம்பியை எடுத்தார்.

உள்ளே லைல் ரிக்ளைனரில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். "கொஞ்சம் நகர்ந்துக்கறீங்களா, செல்மர் சார்?" என்றார் டுவேன் மிகுந்த மரியாதையோடு. லைல் துள்ளி எழுந்தான். ஆர்டிஸ் எதுவும் விளக்கவில்லை. டுவேனும் விளக்கவில்லை. கம்பி மாறியது, திருகுகள் இறுகின. டுவேனே கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். நாற்காலி இரண்டு பக்கமும் சமமாக, சத்தமில்லாமல், மல்லாந்து படுத்தது. இன்னொரு முறை காபி மறுக்கப்பட்டு, குடிக்கப்பட்டது. இன்னொரு முறை சமையலறை, வாசல், படி. வேன் திரும்பி மறையும்போது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது.

"பாத்தியா அண்ணி!" லைல் கைகளைத் தேய்த்துக்கொண்டான். "என்ன மந்திரம் போட்ட? கொஞ்சம் அளந்துட்டேனோன்னு பயந்தேன். ஆனா கடைசி வரைக்கும் அவன் சந்தேகமே படல."

"படவே இல்ல" என்றாள் ஆர்டிஸ். "அச்சு அசல் செல்மர்தான்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். திங்கட்கிழமைக்குப் பிறகு எப்படி இருப்பாளோ அப்படியே வலக்கையை மடக்கி மார்போடு ஒட்டிவைத்துக்கொண்டாள். கைப்பிடியைத் தேடினாள். அது வலப்பக்கம் இருந்தது. இடக்கையை வயிற்றின் குறுக்கே நீட்டினாள். விரல் நுனி தொட்டது, இழுக்க வரவில்லை. புரண்டு பார்த்தாள். தோள் சுரீரென்றது.

இரண்டு பேரும் கைப்பிடியைப் பார்த்தார்கள்.

"அவனைத் திரும்பக் கூப்பிடலாமா?" என்றான் லைல். "இடப்பக்கம் மாத்தித் தருவான்."

"வேண்டாம். இன்னொரு தடவை அவரை வழியனுப்ப எனக்குத் தெம்பு இல்ல." ஆர்டிஸ் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "நீ இருக்கியே. ராத்திரி வந்து இழுத்து விட்டுட்டுப் போ. காலையில வந்து மடக்கி விடு."

"ஆறு வாரமுமா?"

"ஆறு வாரமும்."

"காலையிலன்னா எத்தனை மணிக்கு?"

"செல்மர் எழுந்திருக்கற நேரம் உனக்குத் தெரியாதா" என்றாள் ஆர்டிஸ். "விடியறதுக்கு முன்னாடி."

லைல் சட்டைக் கையை மடித்து மடித்து மேலே விட்டான். பிறகு குனிந்து கைப்பிடியை இழுத்தான். ஆர்டிஸ் கண்ணை மூடிக்கொண்டு, கூரையை நோக்கி, மெல்லச் சாய்ந்தாள்.