தூணுக்கும் சுவருக்கும் நடுவே

சிலுவைமுத்து விழுந்து நாற்பத்தொரு மணி நேரம் ஆகிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு விழுந்தார்; இன்று திங்கள், காலை பதினோரு மணி. இதைக் கணக்குப் பார்க்க வேண்டிய அவசியம் அந்த வீட்டில் வேறு யாருக்கும் இல்லை. மருமகள் பிரகாசி மட்டும் உலை வைக்கும்போதும், துணி அலசும்போதும், மாமனாருக்குத் தலையணையை நகர்த்திக் கொடுக்கும்போதும் மனசுக்குள் கூட்டிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு மணி நேரமும் அவள் வாய் திறக்காமல் விட்ட ஒரு மணி நேரம்.

அவர் கூடத்துக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். வலது மணிக்கட்டில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. முதுகுத்தண்டின் அடியில் பலமான அடி. மல்லாந்து படுக்கவும் முடியாது, உட்காரவும் முடியாது. ஜன்னல் வழியே பார்த்தால் வராந்தா. அங்கே சுவரில், ஊஞ்சல் கொக்கி பிடுங்கிக்கொண்டு வந்த இடத்தில், தேங்காய் போகிற அளவுக்கு ஒரு பொத்தல். சுண்ணாம்புப் பூச்சுக்குள் இத்தனை நாள் ஒளிந்திருந்த செம்மண்ணும் செங்கலும் இப்போது வெளியே தெரிந்தன. அந்தப் பக்கம் பார்க்காமல் கிணற்றடிக்குப் போக வழி இல்லை. பிரகாசி நேற்றிலிருந்து தலையைக் குனிந்துகொண்டே போய் வந்தாள். அவள் எப்போதும் குனிந்தே நடக்கிறவள் என்பதால் யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை.

சிறுமலையில் ஒரு காப்பி எஸ்டேட்டில் முப்பது வருஷம் ரைட்டராக இருந்தவர் சிலுவைமுத்து. பங்களா வாசலில் இரண்டு மரங்களுக்கு நடுவே முதலாளி வலை ஊஞ்சல் கட்டியிருப்பார். அதில் படுத்துக்கொண்டுதான் கூலிக் கணக்குக் கேட்பார். இவர் பக்கத்தில் நின்று வாசிப்பார். மழைத்தூறல் விழுந்தாலும் நின்றுதான் வாசிப்பார். "கண்ண மூடுறதுக்குள்ள ஒருநா அதுல படுத்துப் பாத்துரணும்" என்று போன கிறிஸ்மஸ் விருந்தில் விளையாட்டாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். பிரகாசியின் அண்ணன் அருளப்பன் மட்டும் சிரிக்கவில்லை. நாகல்நகரில் ஜன்னல் கம்பி, கேட் செய்கிற பட்டறை தொடங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது அவனுக்கு. எட்டாம் வகுப்போடு வெல்டிங் படிக்கப் போனவன். தங்கச்சி எண்பத்து மூன்றில் பிசிக்ஸ் பி.எஸ்சி. பாஸ் செய்ததைப் பட்டறைக்கு வருகிறவர்களிடம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறவன்.

மரியநாதபுரத்திலிருந்து அவளைச் சைக்கிளில் உட்கார வைத்து, வலை ஊஞ்சல் வாங்கக் கடைக்குக் கூட்டிப் போனதும் அவன்தான். "நீயே பாத்து எடு பாப்பா. உங்க வீட்டுல தொங்கப்போறது" என்றான். கயிற்றுக்கடை ரஹ்மத்துல்லா பச்சை நைலானில் ஒன்றும், வெள்ளைப் பருத்தி நூல் கயிற்றில் ஒன்றும் எடுத்து விரித்தார்.

"யாரு படுக்கப் போறது? ஆள் கனத்த ஆளா?"

"தங்கச்சி மாமனாரு, பாய். நனஞ்ச வேட்டியோட நிறுத்தாலும் அம்பத்தஞ்சு கிலோ தாண்ட மாட்டாரு."

"அப்ப ஊஞ்சல் எதுக்கு? துணி காயப்போடுற கொடி போதுமே" என்றார் ரஹ்மத்துல்லா. பிரகாசி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நைலான் வெயிலில் முதுகைச் சுடும் என்று நினைத்து வெள்ளையைத் தொட்டுக் காட்டினாள்.

புதன்கிழமை அருளப்பன் வந்து வராந்தாச் சுவரில் கொக்கியை வைத்துச் சிமெண்ட் பூசினான். மூன்று நாள் தண்ணீர் தெளிக்கச் சொன்னான். சனிக்கிழமை காலையில் ஒரு முனையைக் கொக்கியிலும், மறுமுனையைக் கல்தூணிலும் கட்டினான். நடுவில் நன்றாகத் தொய்ந்து தொங்கியது. முதலில் தானே ஏறிப் படுத்தான். எழுபது கிலோ ஆள். காலை உதைத்து நாலு ஆட்டு ஆட்டிப் பார்த்தான். கொக்கி அசையவில்லை. திருப்தியாக இறங்கி, காப்பியைக் குடித்துவிட்டுப் போனான்.

அவன் தலை மறைந்ததும் மாமியார் ராயம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "என்னடி இது, சிறுமலையில இருந்து சீக்காளிய டோலி கட்டி எறக்குற மாதிரி தொங்குது? உங்கண்ணனுக்குக் கயிறு மிஞ்சிப்போச்சோ? சாயங்காலம் செபக்கூட்டத்துக்குப் பத்துப் பேரு வருவாக. பாத்தாச் சிரிக்க மாட்டாகளா?"

கல்யாணமாகி எட்டு மாசத்தில் பிரகாசி அந்த வீட்டில் பதில் என்று எதுவுமே சொன்னதில்லை. மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்த நேரத்தில் நாற்காலியைப் போட்டு ஏறி, இரண்டு முனைகளையும் அவிழ்த்து, இழுத்து, சுருக்கிக் கட்டினாள். கயிறு கட்டில் மாதிரி நேராக வந்து நின்றது. கட்டும்போது கணக்கு தானாக வந்தது. கூப்பிடாமல் வந்தது. முப்பது டிகிரி சாய்வில் கட்டினால் ஒவ்வொரு முனையிலும் ஆளின் எடை அளவுதான் இழுக்கும். பத்து டிகிரிக்கு வந்தால் மூன்று மடங்கு. ஐந்து டிகிரி என்றால் ஆறு மடங்குக்குப் பக்கம். இரண்டாம் வருஷப் பரீட்சையில் இதே கணக்குக்கு அவள் முழு மார்க் வாங்கியிருந்தாள். அது மண் சாந்து வைத்துக் கட்டிய பழைய சுவர் என்பதும் அவளுக்குத் தெரியும். ஒரு நிமிஷம் முடிச்சின் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே ராயம்மா இருமுகிற சத்தம் கேட்டது. நாற்காலியை விட்டு இறங்கிவிட்டாள்.

எழுந்து வந்து பார்த்த ராயம்மா சொன்னாள்: "இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்கு. கைகாரிதான் நீ." அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை அது. சாயங்காலம் வரைக்கும் அதை வாயில் போட்ட கற்கண்டு மாதிரி வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆறு மணிக்குச் சிலுவைமுத்து குளித்து, சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். பிரகாசி காப்பி டம்ளரோடு பக்கத்தில் நின்றாள். அவர் வலையைக் கையால் அமுக்கிப் பார்த்து, மெல்ல உட்கார்ந்து, காலைத் தூக்கிப் போட்டார். கயிறு விண்ணென்று இழுத்தது. கொக்கியின் அடியில் சுண்ணாம்பு ஒரு கோடு விட்டதை அவள் பார்த்தாள். "மாமா" என்கிற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஏ ராயம்மா, கணக்க எடுத்துட்டு வந்து வாசி. தொர படுத்திருக்காரு" என்று கத்தினார். உள்ளிருந்து ராயம்மா, "வந்துட்டாரு தொர" என்று சொல்லி முடிப்பதற்குள் கொக்கி வந்துவிட்டது.

ராயம்மாவும் செபக்கூட்டத்துக்கு வந்தவர்களும் அவரைக் கட்டுப் போட அழைத்துப் போனபோது பிரகாசி வீட்டில் தனியாக இருந்தாள். அப்போது இன்னொரு காரியம் செய்தாள். சுருக்குப் போட்ட முடிச்சுகளைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். கயிற்றை நீவி, பழைய நீளத்துக்கு விட்டு, வலையைச் சுருட்டி விறகு அடுக்கின் மேல் போட்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. கை தானாகச் செய்தது. வேலை முடிந்து வந்த புருஷன் சேசுராஜ், "உங்கண்ணன் வேலை லட்சணம்" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டான். ஞாயிறு பூசைக்குப் போன ராயம்மா பங்குச்சாமியிடமே சொல்லிவிட்டாள். கல்லறைத் தோட்டத்துக்குப் புதுக் கேட் செய்கிற வேலையை அருளப்பனுக்குத் தருவதாக அவர் சொல்லியிருந்தார். "அவன் வச்ச கொக்கி ஒரு மனுசனத் தாங்கல சாமி, அவன் அடிக்கிற கேட்டு நிக்குமா?" சாமி, பார்க்கலாம் என்றாராம். ராயம்மா இதை வீட்டில் வந்து சொன்னபோது பிரகாசி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உரித்துக்கொண்டே இருந்தாள்.

இப்போது வாசலில் சைக்கிள் நிற்கிற சத்தம் கேட்டது. அருளப்பன். தோளில் பை, பையில் சுத்தியும் உளியும், கையில் முழ நீளத்துக்கு ஒரு போல்ட். படியேறாமல் கீழேயே நின்றான். இரண்டு நாளாகச் சவரம் செய்யாத முகம்.

"வா அப்பு" என்றாள் ராயம்மா. "இன்னும் ஒண்ணு ரெண்டு எலும்பு முழுசா இருக்கு. அதையும் ஒடச்சுட்டுப் போயிரு."

"ஏய், சும்மா கெட" என்று உள்ளிருந்து சிலுவைமுத்து குரல் கொடுத்தார். "உள்ள வாங்க தம்பி."

அவன் உள்ளே வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் கை கட்டி நின்றான். "தப்பு எம்மேலதான் மாமா. ஈரச் சிமெண்டு. அவசரப்பட்டு நான் ஏறி ஆட்டுனேன்ல, அப்பவே விட்டுருக்கும். மணலும் கூடிப்போச்சோ என்னவோ. இப்ப சுவர முழுசாத் தொளச்சு அந்தப் பக்கம் பிளேட்டு வச்சு முடுக்கிடுறேன். ரெண்டு நா நானே படுத்துக் காட்டுறேன்."

இல்லாத குற்றங்களை அவன் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்வதைப் பிரகாசி அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். மணல் கூடவில்லை. மூன்று நாளும் அவள்தான் தண்ணீர் தெளித்தாள். சிமெண்ட் கல்லாக இருந்தது. கொக்கி அந்தச் சிமெண்டோடுதான் பிடுங்கிக்கொண்டு வந்தது.

"வலைய எடுத்துட்டு வா பாப்பா" என்றான். அவள் எடுத்துவந்து கொடுத்தாள். அவன் பொத்தலுக்குள் விரலை விட்டு மண்ணைச் சுரண்டத் தொடங்கினான்.

"தம்பி, அன்னைக்கு மாதிரியே கட்டுங்க" என்றார் சிலுவைமுத்து ஜன்னல் வழியே. "கட்டில் கணக்கா நேரா இருந்துச்சு. செத்த நேரம்னாலும் நல்லாத்தான் இருந்துச்சு."

அருளப்பன் திரும்பினான். "நேராவா? தொங்கவிட்டுல்ல மாமா கட்டிட்டுப் போனேன்?"

ராயம்மா முந்தானையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தாள். அவன் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தான். அது அவன் வெட்டிய நீளத்திலேயே இருந்தது. முனையில் மட்டும் நூல் பிரிந்து, கடித்த மாதிரி நைந்து கிடந்தது.

"நான்தான்" என்றாள் பிரகாசி. "நான்தான் சுருக்கிக் கட்டுனேன். அப்புறம் அவுத்துட்டேன்."

முதலில் ராயம்மாதான் அசைந்தாள். "நான்தான் தொங்குதுன்னு வாய வச்சேன். பொம்பளப் புள்ள, அவ என்னத்தக் கண்டா" என்றாள். குரலில் இதுவரை இல்லாத ஒரு தணிவு. அருளப்பனின் முகத்தில் இரண்டு நாள் பாரம் இறங்குவது தெரிந்தது. "அட, இதுக்கா இப்பிடி மருகுன? விடு பாப்பா. தெரியாமத்தானே செஞ்ச" என்றான். சிலுவைமுத்து கட்டுப்போட்ட கையைச் சற்றுத் தூக்கி, அவளைப் பக்கத்தில் வரச் சொல்லிச் சைகை காட்டினார்.

"இழுத்துக் கட்டுனாப் பிடுங்கும்னு உனக்கு எப்பிடிம்மா தெரியும்? அழுவாத."

மூன்று பேரும் அவளையே பார்த்தார்கள். மூன்று முகங்களும் ஏற்கெனவே மன்னித்துவிட்டிருந்தன. அவள் தலையாட்டினால் போதும். வராந்தாவில் பொத்தலிலிருந்து செம்மண் சன்னமாக உதிர்ந்துகொண்டிருந்தது.

"தெரியும் மாமா" என்றாள். "கட்டும்போதே தெரியும்."