மைக்கில் ஒரு மகான்

எங்க ஊரப்பாக்கம் அபார்ட்மென்ட் விழாவுல, 'பரபரப்பிலும் நிம்மதி'ங்கிற தலைப்புல பேச என் வீட்டுக்காரர் கோபு மைக்கைப் பிடிச்சார்.

"நானும் பிஸிதாங்க. ஆனா டென்ஷனே ஆகமாட்டேன். மூச்சை நல்லா இழுத்து விடுவேன், அவ்வளவுதான்."

கைதட்டல் வேற! எப்படி டென்ஷன் ஆவார்? சாக்ஸ் தேடிக் குடுக்கிறதுலேர்ந்து அவங்கம்மாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறவரைக்கும் நான்தானே பார்க்கிறேன். நானும் தாம்பரத்துக்கு வேலைக்குப் போறவதான்.

அடுத்து, எழுதிட்டு வந்ததைப் படிக்கணும். கண்ணாடிக்காகச் சட்டைப்பையைத் தடவினார். காணோம். மூஞ்சியெல்லாம் வேர்த்துடுச்சு.

"வெண்ணிலா, என் கண்ணாடி எங்க?"ன்னு மைக்குலயே கத்தினார்.

வீட்டுல மறந்துட்டு வந்ததை நான்தான் எடுத்துக் கைப்பையில போட்டிருந்தேன். ஆனா எழுந்திருக்கலை. கண்ணை மூடி, மூச்சை நல்லா இழுத்து விட்டேன்.