குரல் கொடுக்காமல் அடித்த பந்து

இறந்த வாப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டே, வலது பக்கம் முடிந்து இடது காலுக்கு வந்திருந்தான் கபீர். வாப்பாவின் குதிகால் வெடிப்புகளில் இன்னும் கடற்கரை மணல் இருந்தது. எத்தனை சொம்பு ஊற்றியும் அது போகவில்லை.

"நல்லா ஊத்து தம்பி," என்றார் பீர் மைதீன் சாச்சா. இறந்தவரின் தம்பி அவர். "மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குக் கொண்டு போயிடணும். அங்க நீதான் எந்திரிச்சுக் கேக்கணும், ஞாபகம் இருக்குல்ல?"

ஞாபகம் இல்லாமல் என்ன? ஜனாஸா தொழுகைக்கு முன்னால் மகன் வாப்பாவின் மையத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். என் வாப்பா யார் மனத்தையாவது நோகடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ஊரைக் கேட்க வேண்டும். பொறுத்தோம் என்று ஊர் சொல்ல வேண்டும். காலையிலிருந்து கபீருக்கு அதே நினைப்புதான்.

"நீங்களே கேட்டுடுங்களேன் சாச்சா."

"மகன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப நான் கேட்டா நல்லாவா இருக்கும்?" சாச்சா குரலைத் தாழ்த்தினார். "கருப்பையன் வந்திருக்கான். வாசல்ல நிக்கிறான்."

சொம்பு கை நழுவி அண்டாவுக்குள் விழுந்தது.

கபீரின் வாப்பா நூர் அகமது வாத்தியாரை வீட்டுக்குள் பார்த்தவர்கள் குறைவு. பினாங்கில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர், காரைக்காலில் பூகோளம் நடத்தினார். பூகோளம் என்றால் அவருக்குப் புத்தகம் இல்லை. சனிக்கிழமையானால் வகுப்பையே கரையோரமாகத் தரங்கம்பாடிவரை நடத்திக்கொண்டு போவார். கத்துகிற பறவையைக் கண்ணால் பார்க்காமலே பேர் சொல்லுவார். அரசலாற்றில் கழுத்தளவு நீரில் நின்று வலை வீசுவார். வெயிலும் மழையும் அவருக்கு ஒன்றுதான்.

பினாங்கில் வெள்ளைக்காரர்கள் ஆடிய கோல்ஃப் பைத்தியத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டார். கோட்டுச்சேரிமேட்டுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு ஏக்கர் மணலை வாங்கினார். கத்திரிக்காய் போட்டாலும் பிடிக்காத மண்ணில் இந்த மனுஷன் பந்து போடுகிறார் என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும் என்று ஒன்பது பால் டின்களை மண்ணில் புதைத்துக் குழியாக்கினார். குழியைச் சுற்றிப் புல் பிடிக்கவில்லை. லாரிக்காரர்களிடம் கழிவு எண்ணெய் வாங்கி மணலில் கலந்து கெட்டிப்படுத்தினார். டாக்டரும் பேங்க் மேனேஜரும் ஞாயிறு தவறாமல் வந்து ஆடினார்கள்.

மீனவர்கள் ரோட்டுக்கு வரும் ஒற்றையடிப் பாதை அந்தத் திடலின் குறுக்கே போனது. அதை அவர் அடைக்கவில்லை. நமக்கு முந்தி அவங்க நடந்த வழி என்பார். அதனால் திடலுக்கு ஒரே ஒரு சட்டம். பந்தை அடிப்பதற்கு முன்னால் "பாத்து!" என்று குரல் கொடுக்க வேண்டும். கொடுக்காதவனுக்கு அங்கே இடமில்லை.

எழுபத்தொன்றில் ஒரு நாள் காலை, பதினெட்டு வயதுக் கபீர் குரல் கொடுக்காமல் அடித்தான். வேறு காரணம் ஒன்றுமில்லை. பாதையில் ஆள் இருக்காது என்று நினைத்தான். சோம்பல், அவ்வளவுதான். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த கருப்பையனின் இடது கண்ணில் பந்து விழுந்தது.

வாப்பா ஓடி வந்தார். மகன் கையிலிருந்த மட்டையைப் பிடுங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார். போலீஸ் வந்தபோது, நான்தான் அடித்தேன், குரல் கொடுக்க மறந்துவிட்டேன் என்றார். கபீர் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருந்த நேரம் அது. கோர்ட்டில் வாப்பா குற்றத்தை ஒப்புக்கொண்டார். மறுவருசம் கபீர் துபாய் போய்விட்டான்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருசம் அவர் மட்டையைத் தொடவில்லை. மற்றவர்கள் ஆடும்போது சிவப்புத் துணியோடு பாதை முனையில் நின்று, வருகிறவர்களை நிறுத்தி அனுப்பினார். கபீர் லீவில் வந்திருந்த நேரத்தில், நேற்றுச் சாயங்காலம் அங்கேதான் விழுந்து உயிர் விட்டார். பெருநாள்தோறும் கருப்பையன் வீட்டுக்குப் போய், பொறுத்துக்கொள் என்று கேட்பார். அவன் பாய் போடுவான், தண்ணீர் கொடுப்பான். பொறுத்தேன் என்று மட்டும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. கல்நெஞ்சுக்காரன் என்று ஊரே அவனைப் பேசியது.

கபன் துணி போர்த்தி முடித்ததும் கபீர் உள்ளறைக்குப் போனான். உம்மா கமர் நிஷா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவனைக் கண்டதும் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"அவன் என்ன சொன்னாலும் நீ வாயத் தொறக்காதே. வாப்பா மூடி வச்சிட்டுப் போனத நீ அவுக்காதே."

"அவன் பொறுக்கலன்னா உம்மா? வாப்பா அதோட போகணுமா?"

உம்மா பிடியை இன்னும் இறுக்கினாள். கையை விட நேரமானது.

பள்ளிவாசல் முற்றத்தில் மையத்து வைத்த சந்தூக்குப் பெட்டியை இறக்கினார்கள். பழைய மாணவர்கள், கடைக்காரர்கள், மீனவர்கள் என்று கூட்டம் தெருவரைக்கும் நின்றது. கருப்பையன் வாசற்படிக்கு வெளியே தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். கபீர் சந்தூக்கின் பக்கத்தில் வந்து நின்றான். கேட்க வேண்டியதைக் கேட்டான். பொறுத்தோம், பொறுத்தோம் என்று நாலா பக்கமும் குரல் வந்தது. பிறகு அடங்கியது. எல்லாத் தலையும் வாசல் பக்கம் திரும்பியது.

கருப்பையன் தரையைப் பார்த்தபடி நின்றான். வாயே திறக்கவில்லை.

சாச்சா கபீரின் முதுகைத் தொட்டார். போதும், தொழுகையை ஆரம்பிக்கலாம் என்பதுபோல. தொழுகை நடத்தும் அஸ்ரத்தும் முன்னே வந்தார். இப்போது சும்மா இருந்தால் எல்லாம் மண்ணோடு போய்விடும் என்று கபீருக்குத் தெரிந்தது. தன் மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

"கருப்பையண்ணே," என்றான். "அன்னைக்கு அடிச்சது வாப்பா இல்லே. நான்தான்."

சாச்சாவின் கை அவன் முதுகிலிருந்து விலகியது.

கருப்பையன் நிமிர்ந்தான்.

"தெரியும் தம்பி. கண்ணு போனாலும் காது இருந்துச்சே. வாத்தியாரு அடிச்சா கடல்ல நிக்கிற படகுக்கும் கேக்கும். அன்னைக்குக் கொரலே வரலை." துண்டின் முனையால் முகத்தைத் துடைத்தான். "செய்யாத தப்புக்கு வருசா வருசம் வந்து கேட்டாரு. எதைப் பொறுத்தேன்னு சொல்லச் சொல்றீங்க? அவருகிட்ட எனக்குப் பொறுக்க ஒண்ணுமில்லே."

அப்புறம் கபீரை மட்டும் பார்த்துச் சொன்னான்.

"உன்னையக் கேட்டா, எனக்கு இன்னும் ஆறலை."

கபீர் தலையாட்டினான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாப்பா போனதற்கா, இவன் சொன்னதற்கா என்று அவனுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அஸ்ரத் வரிசையைச் சரிசெய்தார். தொழுகை முடியும்வரை கருப்பையன் வெளியிலேயே நின்றான்.

சந்தூக்கைத் தூக்கியபோது அவன் வந்து முன்பக்கத்து இடது தண்டுக்குத் தோள் கொடுத்தான். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மற்றத் தண்டில் நின்ற கபீர், தான் அவனுக்கு வலது பக்கம் நிற்பதைப் பார்த்துவிட்டு, பின்னால் வந்தவரிடம் தண்டைக் கொடுத்தான். சுற்றிக்கொண்டு வந்து கருப்பையனுக்குக் கண் தெரியாத இடது பக்கமாக நடந்தான்.

அடக்கம் செய்ய மையவாடிக்குப் போகும் வழியில் சவுக்கு வேர்கள் மண்ணுக்கு மேலே கிளம்பிக் கிடந்தன. பத்தடி முன்னால் ஒரு பெரிய வேர், கருப்பையனுக்குத் தெரியாத பக்கம்.

"பாத்து!" என்று குரல் கொடுத்தான் கபீர்.

கருப்பையன் காலைத் தூக்கி வைத்துத் தாண்டினான். திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வேர் வந்தது.